வல்லாரையும் பிரமியும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சமயப் பணி செய்யும் சங்கத்தின் மேடையிலே கீரையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று முன்வரிசையிலிருக்கும் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆயினும் யாம் எடுத்துக்கொண்ட கீரை கலைமகளின் திருநாமத்தைத் தாங்கியது. ஆகவே விடயம் முற்றிலும் புறம்பானதன்று எனக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

சென்ற நவராத்திரிக் காலத்தில் நடந்த சிறு நிகழ்ச்சியொன்றே இவ்வுரைக்குக் காரணம். எமது இளைஞர் ஒருவர் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார். ஞாபகசக்தி பெருகும் என்று யாரோ சொல்ல, கடையிலே 'பிரமிச் சூரணம்' என்றொரு பொதியை வாங்கி, காலையும் மாலையும் தேனிலே குழைத்து உண்டு வந்தார். சரஸ்வதி பூசையன்று அதனையும் புத்தகங்களோடு சேர்த்துக் கும்பத்தின் முன் வைத்திருந்தார். பூசை முடிந்தபின் யாம் அப்பொதியைக் கையிலெடுத்துப் பார்த்தோம். உறையின் முன்புறத்திலே வட்டமான வல்லாரை இலையின் படம். பின்புறத்திலே பொடி எழுத்தில் 'பாக்கோப்பா மொன்னியேரி' என்னும் தாவரவியற் பெயர். வல்லாரையின் தாவரவியற் பெயர் அதுவன்று. படம் ஒரு செடி, பெயர் வேறொரு செடி. உள்ளேயிருந்த தூள் எதுவென்பது அதனை இடித்தவருக்கே வெளிச்சம். அடுத்த நாள் அவ்விளைஞரை எமது ஊர்ப் பரியாரியாரிடம் அழைத்துச் சென்றோம். கிழவர் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர், "தம்பி, இனி என்னட்டைப் பேரைக் கொண்டு வராதை. செடியைக் கொண்டு வா" என்றார்.

ஒரு செடியின் பெயர் இன்னொரு செடியின்மேல் ஏறி உட்காருவது எவ்வாறு? அதனை ஆராயப் புகுந்தபோது கிடைத்தவற்றையே உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலிலே செடியைப் பார்ப்போம். கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரம் கசியும் இடத்திலே தரையோடு தரையாகப் படர்வது வல்லாரை. கொடி ஓடுமிடந்தோறும் கணுவிலே வேர்விட்டு, அக்கணுவிலிருந்து நீண்ட காம்புகளை எழுப்பும். காம்பொன்றுக்கு இலையொன்று. இலை வட்டம், ஆனால் முழு வட்டமன்று. காம்பு சேருமிடத்திலே ஒரு வெட்டு விழுந்திருக்கும். விளிம்பு சிறு சிறு பற்களாக நெளிந்திருக்கும். கொத்தமல்லி, சீரகம், கரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அம்மிக்கருகே இருந்து வல்லாரைச் சம்பல் அரைக்கும்போது எழும் மணத்தை நினைத்துப் பார்த்தால் அவ்வுறவு ஓரளவு விளங்கும். இலையிலுள்ள அந்த வெட்டை மாத்திரம் மறவாதிருங்கள். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

தமிழிலே அதன் பெயர் வல்லாரை. பாடசாலைப் பிள்ளைகள் இச்சொல்லை 'வல்லார்' என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' சேர்ந்ததென்று வேடிக்கையாகப் பிரிப்பதுண்டு. வல்லாரை உண்டால் வல்லார் ஆகலாம் என்று பொருளும் சொல்லிவிடுவார்கள். கேட்க இனிக்கும் இது இலக்கண விளையாட்டேயன்றி வேறில்லை. உண்மைத் துப்பு 'ஆரை' என்னும் பின்பகுதியில் இருக்கின்றதென்பது எமது எண்ணம். வயல் நீரிலே நான்கு சிற்றிலைகளை விரித்துக்கொண்டு நிற்கும் கீரைக்கு ஆரை என்று பெயர். நீராரை என்றுஞ் சொல்வர். மூன்று சிற்றிலையும் புளிப்புச் சுவையும் உடைய இன்னொன்று புளியாரை. ஆகவே நீராரை, புளியாரை, வல்லாரை என்பன ஒரே வீட்டுப் பெயரைக் கொண்ட மூன்று செடிகள். தாவர நூலார் இம்மூன்றையும் வெவ்வேறு குடும்பங்களில் வைப்பர். நீராரை பூவே பூக்காத பன்ன இனம். எமது முன்னோர் பூவைப் பார்த்துப் பெயரிடவில்லை, இலையைப் பார்த்தனர்.

இலையிலே எதனைப் பார்த்தனர்? வண்டிச் சில்லின் குடத்திலிருந்து வட்டைக்குச் செல்லும் சட்டத்தை ஆர் என்றும் ஆரக்கால் என்றும் சொல்கின்றோம். வட்டத்தின் மையத்திலிருந்து பரிதிவரை உள்ள தூரத்தை எமது கணித நூல்கள் ஆரை என்கின்றன. ஆரைக்கீரையின் நான்கு சிற்றிலைகளும் காம்பின் நுனியிலிருந்து நாற்புறமும் ஆரக்கால் போல விரிகின்றன. வல்லாரை இலையைத் திருப்பி வெயிலிலே பிடித்துப் பாருங்கள். காம்பு சேருமிடத்திலிருந்து நரம்புகள் விளிம்பை நோக்கி ஆரக்கால்களாகவே ஓடும். மூன்று செடிகளையும் ஒரு பெயரால் இணைத்தது இவ்வமைப்பாகலாம். இது எமது ஊகம். தமிழறிந்த பெரியோர் மறுத்துரைத்தால் கைவிட ஆயத்தமாயிருக்கின்றோம். முன்னே நிற்கும் 'வல்' வன்மையைக் குறிப்பது. மூன்று ஆரைகளுள் வலிய ஆரை என்றவாறு.

இனி எமது அயல்வீட்டு மொழிக்கு வருவோம். சிங்களத்திலே இதற்குக் கொட்டுகொல என்று பெயர். கொழும்புச் சந்தையிலே நாம் வல்லாரை என்று கேட்போம். விற்பவர் கொட்டுகொல என்று எடுத்துத் தருவார். இருவரும் ஒரே பிடியைத்தான் பிடித்துக்கொண்டிருப்போம். அவர்கள் அதனைச் சம்பலாகவும் கொலகந்த என்னும் இலைக்கஞ்சியாகவும் உண்கின்றனர். சின்னவெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி என்று நாம் சேர்ப்பவையே அவர்கள் சம்பலிலும் சேர்கின்றன. சொல்லிலே 'கொல' என்பது இலை. 'கொட்டு' என்பது இலையைக் கூம்பாகக் கோலி ஆக்கும் கிண்ணம். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கூழ் குடித்த எம்மவருக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. இளம் வல்லாரை இலை விரியுமுன் கோலிய கிண்ணம் போலவே நிற்கும். சிங்கள உழவனொருவன் அதனைக் கண்ட கணத்தைக் கண்ட கணமாகவே அச்சொல் வைத்திருக்கின்றது.

வியப்பு என்னவென்றால், அதே கிண்ணத்தை வேறு பலரும் கண்டிருக்கின்றனர். சுவீடன் தேசத்து லின்னேயசு 1753 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வல்லாரையை ஐதரோகோட்டைல் ஆசியாட்டிக்கா என்று பதிந்தார். கிரேக்க மொழியிலே ஐதோர் என்றால் நீர், கோட்டைலே என்றால் சிறு கிண்ணம். ஆசியாவின் நீர்க்கிண்ணம் என்பது பொருள். தென்சீனத்து மக்கள் வழங்கும் பெயரோ எல்லாவற்றிலும் அழகானது. 'பெங் தா வான்' என்கின்றனர். விளிம்பு உடைந்த பெரிய கிண்ணம் என்று அர்த்தம். காம்படியிலுள்ள வெட்டை மறவாதிருங்கள் என்றோமே, அந்த வெட்டுத்தான் சீனக் குடியானவனுக்கு உடைந்த விளிம்பாகத் தெரிந்தது. சீன மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர் பனி சேர்க்கும் புல் என்று பொருள்படும். இடிதேவனின் வேர் என்று இன்னொரு பெயருமுண்டு.

பர்மியருக்கு அதே வெட்டு குதிரைக் குளம்பாகத் தோன்றியது, மியின்குவா என்றனர். மலாய்த் தீவுகளில் பெகாகா, பெகாகன் என்னும் பெயர்களோடு குதிரைக்கால் இலை என்னும் பெயரும் வழங்குகின்றது. ஆங்கிலேயர் காசைக் கண்டனர். அவர்கள் பெயராகிய பென்னிவேர்ட் காசுப்பூண்டு என்று பொருள்படும். இவ்விடத்தில் எவரையும் குறை கூற விரும்பவில்லை. கண் எதனைத் தேடுகின்றதோ அதனையே காணும். தாய்லாந்து மக்கள் தாமரையைக் கண்டனர். பூவாபொக் என்னும் அவர்கள் பெயருக்கு நிலத் தாமரை என்று பொருள். கன்னடத்தார் காம்புக்கு ஓர் இலை என்பதைக் கவனித்து ஒந்தெலகம் என்றனர். வடமொழியார் தவளையைக் கண்டனர். மண்டூகம் தவளை, பர்ணம் இலை. மண்டூகபர்ணி என்பது தவளையிலை. இலை தவளையின் பாதத்தை ஒத்தமையாலோ, தவளை வாழும் ஈரத்திலே வளர்வதாலோ இப்பெயர் வந்திருக்கலாம். மாண்டூக்கிய உபநிடதத்தின் பெயரிலே இருப்பதும் இதே மண்டூகந்தான். பன்னிரண்டே மந்திரங்களில் ஓங்காரத்தின் பொருளை விரிக்கும் அந்நூலுக்கும் எமது கீரைக்கும் வேறு உறவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். இஞ்சியின் பெயர் பாளியிலே சிங்கிவேர என்றும், சிங்களத்திலே இங்குரு என்றும், கிரேக்கத்திலே சிங்கிபெரிஸ் என்றும் ஒரே சாயலோடு பல தேசம் சென்றிருக்கின்றது. வல்லாரை என்னும் பெயர் மாத்திரம் ஏன் கடல் கடக்கவில்லை? விடை எளிது. இஞ்சி விலைப்பொருள். மூட்டையோடு பெயரும் கப்பலேறியது. வல்லாரையை எவரும் கப்பலேற்ற வேண்டியதில்லை. அவரவர் வாய்க்காலில் அது கிடந்தது. ஆதலால் ஒவ்வொரு மக்களும் தத்தம் கண்ணாலே பார்த்துத் தாமே பெயரிட்டனர். உலகத்துப் பெயர்களெல்லாம் எம்மொழியிலிருந்தே போயின என்று மேடைகளில் முழங்குவோர் இச்செடியின் முன்னே சற்று நின்று போகலாம்.

இதுவரை சொன்ன பெயர்களிலே பெரும்பாலானவை கண்ணாலே கண்ட உருவத்தைச் சொல்பவை. இனிச் சொல்லப்போகின்றவை மனத்திலே உள்ள ஆசையைச் சொல்பவை. சிக்கலும் இங்கேதான் தொடங்குகின்றது.

தெலுங்கிலே வல்லாரைக்குச் சரஸ்வதி ஆகு என்று பெயர். ஆகு என்றால் இலை. தமிழ்நாட்டிலும் சரஸ்வதிக் கீரை என்பர். அறிவை வளர்க்கும் என்ற நம்பிக்கையே பெயராயிற்று. அந்நம்பிக்கை பழையது. சரக சங்கிதை மேதையை வளர்க்கும் இரசாயனங்களாக நான்கினைக் கூறுமிடத்து, முதலாவதாக வைப்பது மண்டூகபர்ணியின் சாற்றையே. வடமொழியிலே இன்னொரு பெயரும் உண்டு, அதுவே பிராமி. நாவிலே பிரமி என்று குறுகியது. பிராமி என்பது பிரமனின் சக்தி. வாக்குக்கு அதிபதியாகிய கலைமகளின் நாமம். சப்த மாதர்களுள் ஒருத்தியின் பெயருமாம். குகைகளிலும் பானை ஓடுகளிலும் காணப்படும் பழைய எழுத்தையும் பிராமி என்கின்றோம். தெய்வத்தின் பெயர் எழுத்துக்கும் ஆயிற்று, இலைக்கும் ஆயிற்று.

எந்த இலைக்கு? சுசுருத சங்கிதையின் சிகிச்சைத் தானத்திலே மேதையும் ஆயுளும் வேண்டுவோர்க்குரிய பகுதி ஒன்றுண்டு. அங்கே மண்டூகபர்ணியின் சாற்றை உண்ணும் முறையும், பிராமியின் சாற்றை உண்ணும் முறையும் தனித்தனியே கூறப்படுகின்றன. ஆகவே அந்நூலார்க்கு அவை இரண்டு செடிகள் என்பதிலே ஐயமில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, பதினாறாம் நூற்றாண்டினதாகிய பாவப்பிரகாசம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, பிராமியின் குணமே மண்டூகபர்ணிக்கும் என்று கூறிச் செல்கின்றது. குணம் ஒன்றாயின் பெயரும் ஒன்றாவதற்கு எத்தனை நாள் செல்லும்? வட இந்தியாவிலே பல இடங்களில் பிராமி என்றால் வல்லாரையையே தருகின்றனர். வங்காளத்திலும் கேரளத்திலும் பிராமி என்றால் வேறொரு செடி. வங்காளத்தார் வல்லாரையைத் தான்குனி என்று தனியே அறிவர்.

அந்த வேறொரு செடியே நீர்ப்பிரமி. சேற்றிலும் குளக்கரையிலும் படர்வது. இலை வட்டமன்று, விரல் நகமளவாய், தடித்துச் சாறு நிறைந்து, காம்பில்லாமல் எதிரெதிரே சோடி சோடியாக நிற்கும். பூ வெள்ளை அல்லது இளநீலம்; ஐந்து இதழ். வாயிலிட்டால் நல்ல கசப்பு. சிங்களத்திலே லுணுவில என்பர். லுணு உப்பு, வில நீர்நிலை. உவர் கலந்த நீர் ஓரத்திலும் வளரும் செடிக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! அதன் தாவரவியற் பெயரோ வேடிக்கையானது. பாக்கோப்பா என்பது தென்னமெரிக்காவின் கயானாப் பகுதிப் பழங்குடியாரின் சொல்லொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மொன்னியேரி என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லெ மொன்னியே என்னும் பிரெஞ்சு வைத்தியரின் நினைவாக இடப்பட்டது. கலைமகளின் செடி கயானாவின் பெயரையும் பாரிசு மாநகரத்து வைத்தியரின் பெயரையும் சுமந்துகொண்டு நிற்கின்றது.

வல்லாரையையும் புலவர்கள் சும்மா விடவில்லை. 1879 ஆம் ஆண்டு உர்பான் என்னும் செருமானியத் தாவரவியலார் அதனை நீர்க்கிண்ணச் சாதியிலிருந்து பிரித்துச் சென்டெல்லா ஆசியாட்டிக்கா என்று ஆக்கினார். இன்று வழங்குவது அதுவே. கொரிய நாட்டிலிருந்து வரும் முகப்பூச்சுகளிலே சென்டெல்லா என்னும் எழுத்தைப் படிக்கும் தங்கைமார், அது கிணற்றடி வல்லாரை என்பதை அறிவார்களோ என்னவோ.

பெயர் எதுவாயினுமென்ன, இரண்டும் நல்ல மூலிகைகளே என்று சமாதானம் சொல்வோருண்டு. அச்சமாதானம் போதாது. வல்லாரையின் முக்கிய பொருளாகிய ஆசியாட்டிக்கோசைட்டு, மடகஸ்கார்த் தீவின் செடியிலிருந்து 1940களிலே பிரெஞ்சு ஆய்வாளரால் பிரித்தெடுக்கப்பட்டது. ஆபிரிக்கக் கரையோரத் தீவிலே கிடைத்த பொருளுக்கு ஆசியாவின் பெயர்! காயங்களை ஆற்றும் குணத்துக்காகவே அது பெரிதும் ஆராயப்பட்டது. நீர்ப்பிரமியில் உள்ளவை வேறு, பாக்கோசைட்டுகள் என்பன. அவற்றை 1960களில் இலக்னோ நகரத்து ஆய்வாளர் ஆராய்ந்தனர். இரண்டு செடியும் இரண்டு மருந்து, அளவும் இரண்டு. சம்பலாக உண்பதற்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் குளிசையாகவும் சாரமாகவும் நாட்கணக்கில் உண்டவர் சிலருக்கு ஈரல் தாக்கமுற்றதாக மருத்துவ ஏடுகளில் வல்லாரையைப் பற்றிய செய்திகள் வந்துள்ளன. அத்தகைய ஒருவர் வைத்தியரிடம் சென்று 'பிரமி உண்டேன்' என்று சொன்னால், வைத்தியர் எதனை நினைப்பார்? இந்திய அரசாங்கத்தின் ஆயுர்வேத மருந்து நூல் பிராமி என்றால் நீர்ப்பிரமி, மண்டூகபர்ணி என்றால் வல்லாரை என்று பிரித்து விதித்துவிட்டது. நூல் பிரித்தது, கடை பிரித்ததா என்பதற்கு எமது இளைஞரின் பொதியே சாட்சி.

தெய்வப் பெயரை எடுத்துவிட்டு உருவப் பெயரையே கொண்டால் குழப்பம் தீருமோ எனில், அதுவும் முழுவதும் தீராது. மண்டூகபர்ணி உருவப் பெயர்தானே. அமரகோசத்திலே அது மஞ்சிட்டிக்குரிய பெயர்களுள் ஒன்றாக வருகின்றது. மஞ்சிட்டி செந்நிறச் சாயம் தரும் கொடி; எமது கீரையன்று. பிராமியின் பரியாயப் பெயராக அந்நூல் கூறும் மச்சியாட்சி, அதாவது மீன்கண்ணி, இன்று பொன்னாங்காணியின் வடமொழிப் பெயராக வழங்குகின்றது. பொன்னாங்காணியையும் 'பொன் ஆம் காண் நீ' என்று பிரித்து, மேனி பொன்னாகும் என்று வாக்களிக்கச் செய்துவிட்டோம். தவளையும் மீனும் இவ்வாறு செடி விட்டுச் செடி தாவியிருக்கின்றன.

எம்மைக் கேட்டால், எல்லாப் பெயர்களுள்ளும் அந்தச் சீனக் குடியானவனின் விளிம்புடைந்த கிண்ணத்துக்கே பரிசளிப்போம். காரணம் இது. இந்நாட்களில் வீட்டு முற்றத்து நீர்த்தொட்டிகளிலே அழகுக்கு வளர்க்கும் செடியொன்றுண்டு. வட்டமான பச்சைக் காசு போன்ற இலை. நீர்க்கிண்ணச் சாதியைச் சேர்ந்தது. அதனை வல்லாரை என்று பிடுங்கிச் சம்பல் போட முயன்றவர்களை யாம் அறிவோம். அதிலே காம்பு இலையின் நடுவிலே குடைக்காம்பு போலப் பொருந்தியிருக்கும். இலையிலே வெட்டு இராது. காசு என்றவரும் கிண்ணம் என்றவரும் அவ்விடத்தில் ஏமாறுவர். உடைந்த கிண்ணம் என்றவன் ஏமாறான்.

அவ்விளைஞர் இப்போது அப்பொதியை விட்டுவிட்டார். பரியாரியாரின் வளவிலிருந்து ஒரு கணு வல்லாரையும், குளக்கரையிலிருந்து ஒரு கொழுந்து நீர்ப்பிரமியும் கொண்டுவந்து இரண்டு சட்டிகளில் நட்டு வளர்த்திருக்கின்றார். பரீட்சையும் எழுதிவிட்டார், பெறுபேறு இன்னும் வரவில்லை. அச்சட்டிகள் இரண்டும் இதோ மேசைமீது இருக்கின்றன. வேண்டுமென்றே பெயர்த்துண்டு ஒட்டாமல் வைத்திருக்கின்றோம். கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஓர் இலையைக் கிள்ளி மோந்து பாருங்கள். கசப்பு எதிலென்று நாவிலிட்டும் பாருங்கள். இலைகளை நன்றாகக் கழுவித்தான் வைத்திருக்கின்றோம். பார்த்தபின் எது எதுவென்று செயலாளரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.